பதினேழாம் நம்பர் பெட்டி

விவேக் நகரில் டிரேவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தால், தெருவில் யாராவது ஒருத்தர் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொள்வார். பூக்கடைக்காரர் பிடிப்பார். கோழிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு வந்து பிடிப்பார். ஒரு தடவை பஸ்ஸுக்கு நின்ற கன்னியாஸ்திரீ ஒருவர் பிடித்தார். பஸ் வந்து போன பிறகும் கையை எடுக்கவில்லை. “நீங்க பத்திரமா எறங்குங்க, அடுத்த பஸ் வரும்” என்றார். டிரேவர் ஏணியில் ஏறும்போதும் பேச்சை நிறுத்துவதில்லை. யார் வீட்டு மாடியில் மோர்மிளகாய் காய்கிறது, யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்றெல்லாம் மேலே இருந்தபடியே செய்தி வாசிப்பார். ஏணி பிடிக்க ஆள் கிடைத்ததற்குப் பாதிக் காரணம் அந்த வாய்தான்.

வேலை இதுதான். மின்கம்பங்களிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் மாட்டியிருந்தார்கள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு சூடேறியிருக்கிறது, லைனில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்து, ஒயர் எதுவும் இல்லாமல் அடுத்த கம்பத்துப் பெட்டிக்குச் சொல்லும். அது அதற்கடுத்த பெட்டிக்கு. இப்படிக் கைமாறிக் கைமாறி மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய பெட்டிக்குப் போய், அங்கிருந்து கரண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சேரும். மூன்று வருஷம் உழைக்கும் என்று சொல்லிப் போட்ட பேட்டரி நாற்பது நாளில் தீர்ந்துபோனது. அதனால் நூற்று அறுபது பெட்டிகளுக்கும் சுற்றிச் சுற்றி பேட்டரி மாற்றுவதே டிரேவரின் வேலையாகிவிட்டது.

“கரண்ட் கம்பத்துல தொங்கறதுக்கு இன்னாத்துக்குப்பா பேட்டரி?” என்று கோழிக்கடைக்காரர் கேட்காத நாள் இல்லை.

“கரண்ட் போச்சுன்னா போச்சுன்னு சொல்ல ஒரு உயிர் வேணாமா?” என்பார் டிரேவர்.

டிரேவருக்கு நாற்பத்தெட்டு வயது. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏணி கூடாது என்று டாக்டர் சொல்லி ஏழு மாதமாகிறது. தினமும் ராத்திரி அவர் மனைவி ஸ்வர்ணா, நீலகிரித் தைலத்தைச் சூடுபறக்கத் தேய்த்துவிட்டுக்கொண்டே திட்டுவாள். ஸ்வர்ணா தங்கவயல்காரி. அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மகளுக்குப் பேர் வைக்க அவர் வெகுதூரம் யோசிக்கவில்லை. கல்யாணம் முடிந்து இங்கே வந்து, வீட்டு முன்னறையிலேயே காலை டிபன் கடை போட்டுப் பதினெட்டு வருஷமாகிறது. இட்லி, சித்ரான்னம், உளுந்து வடை. வியாழக்கிழமை மட்டும் புளியோகரேயும் கேசரிபாத்தும் சேரும். அன்றைக்குக் குழந்தை இயேசு கோயிலில் நொவேனா, ஒன்பது வாரம் வேண்டிக்கொள்ளும் ஜெபம். ஊரெல்லாம் வரும்.

ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை காலை ஜெயலட்சுமி அந்தக் கடைக்கு வந்தார். பெட்டிகளைச் செய்த கம்பெனியில் இன்ஜினியர். நாற்பத்து மூன்று வயது இருக்கும். தர்மபுரிக்காரர். இரண்டு பிள்ளைகளுக்காகப் பதினொரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடியும் வேலைக்கு வந்தவர். தோளில் ஒரு பை, கையில் குடை.

“டிரேவர் அண்ணா நீங்கதானே? உங்க கையெழுத்துதான் எல்லா ரிப்போர்ட்லயும் பாத்திருக்கேன். முத்து முத்தா இருக்கு” என்றார்.

டிரேவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஒரு தட்டு இட்லியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“பேட்டரி ஏன் சீக்கிரம் தீருதுன்னு கண்டுபிடிச்சாச்சுண்ணா. பெட்டி பேசறதுக்குக் கொஞ்சம்தான் செலவாகுது. அடுத்த பெட்டி எப்பப் பேசுமோன்னு ராப்பகலா காதைத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு பாருங்க, அதுலதான் முக்கால்வாசி போயிடுது.”

“பேசறதைவிடக் கேக்கறதுக்கா ஜாஸ்தி செலவு?”

“ஆமாங்கண்ணா.”

“என் வீட்டுக்காரரு பேசறத சும்மா கேட்டுக்கினு இருந்தாலே எனக்கு டயர்டா இருக்கே, அது இதனாலதானா!” என்று அடுப்படியிலிருந்து ஸ்வர்ணா குரல் கொடுத்தாள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெயலட்சுமியும் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இனிமேல் எல்லாப் பெட்டிகளும் தூங்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே நேரத்தில் கண் விழிக்கும், செய்தியைக் கைமாற்றிவிட்டு மறுபடி தூங்கும். டிரான்ஸ்ஃபார்மர் அளவுக்கு மீறிச் சூடானால் மட்டும் நேரம் பார்க்காமல் உடனே எழுந்து, தூங்குகிற பக்கத்துப் பெட்டியையும் எழுப்பிக் கூப்பிடும். எந்தப் பெட்டியில் பேட்டரி அதிகம் இருக்கிறதோ, அதுதான் மற்றப் பெட்டிகளின் சுமையையும் வாங்கிக்கொள்ளும். விவேக் நகரில் முப்பது பெட்டிகளில் நான்கு வாரம் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. சரியாக வந்தால் நூற்று அறுபதிலும் போட்டுவிடலாம்.

“அப்ப பேட்டரி எவ்ளோ நாள் வரும் மேடம்?”

“மூணு வருஷம் வரணும். வரும்” என்றார் ஜெயலட்சுமி, வடையைப் பிட்டுக்கொண்டே.

டிரேவர் தலையாட்டினார். இட்லித் தட்டுகளை அடுக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாற்ற எதற்கு ஒரு ஆள் என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

முப்பது பெட்டிக்கும் ஒரே நாளில் புதுப் பேட்டரி போட வேண்டியிருந்தது. அதையும் டிரேவரே போட்டார். வாய் ஓயாத மனுஷன் அன்றைக்கு மேலே ஏறி, வேலையை முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கினார். “இன்னா, மேல இன்னிக்கு நியூஸ் ஒண்ணும் இல்லியா?” என்றார் பூக்கடைக்காரர்.

“வெயிலு ஜாஸ்தி” என்றார் டிரேவர்.

இருபத்தேழு பெட்டிகள் ஜெயலட்சுமி சொன்னபடியே நடந்துகொண்டன. மூன்று மட்டும் சொல் கேட்கவில்லை. கோயில் மதிலை ஒட்டிய பதினாறு, பதினேழு, பதினெட்டு. அதிலும் பதினேழு மோசம். அதுதான் டிரான்ஸ்ஃபார்மர்மேலேயே மாட்டியிருந்தது. எவ்வளவு பேட்டரி மிச்சம் என்று வாரத்துக்கு ஒரு தடவைதான் பெட்டி சொல்லும். அதைச் சொல்லவும் பேட்டரி வேண்டுமே! அதனால் வாரத்தில் எந்த நாளில் தீர்ந்தது என்று ஜெயலட்சுமிக்குத் தெரியவில்லை. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வந்து, கையில் ஒரு கருவியோடு கம்பத்தடியில் நின்று பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருக்கும். பெட்டிகள் விழிக்கும், பேசும், தூங்கும். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார். வியாழக்கிழமை அவர் வந்ததே இல்லை. அன்றைக்கு ஆபீஸில் நாள் முழுக்க மீட்டிங்.

டிரேவருக்குக் காரணம் தெரியும். வியாழன் விடிந்தால் அந்த மதிலோரம் எப்படி மாறும் என்று பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். மெழுகுவர்த்திக் கடைகள், மாலைக் கடைகள், பொம்மைக் கடைகள், எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரை. கூரைக்கும் உயரமாக ஓசூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் வந்து நிற்கும் டூரிஸ்ட் பஸ்கள், ஒன்றின் பின்னால் ஒன்றாக. அந்த இரும்புக்கு நடுவில் பதினேழு எவ்வளவு கத்தினாலும் பதினாறுக்குக் கேட்காது. கேட்டேன் என்று பதில் வருகிறவரை அது திரும்பத் திரும்பக் கத்தும். கத்திக் கத்தியே பேட்டரி தீரும்.

தெரிந்தும் டிரேவர் வாயைத் திறக்கவில்லை. பொய்யொன்றும் சொல்லவில்லையே, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் காலையில் பல் துலக்கும்வரை நிற்கும். அப்புறம் நிற்காது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணி வெயிலில் ஒரு மணி நேரம் கம்பத்தடியில் நின்றுவிட்டு ஜெயலட்சுமி கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. ஸ்வர்ணா நீர்மோரில் இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டு ஒரு பெரிய டம்ளர் கொடுத்தாள்.

“குடிங்க மேடம். இந்த வெயில்ல இன்னாத்துக்கு இப்டி நிக்கறீங்க? அந்தப் பொட்டி இன்னா உங்க பொண்ணா, ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் காத்துக்கினு நிக்க?”

“அப்படித்தான் ஆயிடுச்சு ஸ்வர்ணா. அடுத்த வாரம் கடைசி. இந்த மூணும் இப்படியே இருந்தா மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான். பழையபடி நாப்பது நாளைக்கு ஒரு பேட்டரின்னே விட்டுடுவாங்க.”

“உங்க வேல?”

“வேலை இருக்கும். ஆனா அடுத்த தடவை நான் வாயைத் திறந்தா யாரு கேப்பாங்க? டீம்ல எல்லாம் சின்னப் பசங்க. பதினோரு வருஷம் குக்கர் விசிலை எண்ணிக்கிட்டிருந்தவங்களுக்கு இது எதுக்குன்னு ஒருத்தன் எங்காது படவே சொன்னான்.”

“யாரு அவன்? வியாழக்கெழம இங்க இட்டுனு வாங்க. புளியோகரேல மொளகாய மட்டும் பொறுக்கிப் போடறேன்.”

ஜெயலட்சுமி மோர் புரையேறச் சிரித்தார். டிரேவர் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து சித்ரான்னத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். போன வருஷம் மே மாதம் நினைவுக்கு வந்தது. அதே டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வியாழக்கிழமை மதியம் புகைந்து, ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. ஸ்வர்ணா அரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்து புளித்தது. மீன்காரம்மா இரண்டு கூடை மீனைக் கொட்டினாள். எதிர்வீட்டுப் பெரியவருக்கு மூச்சுக் கருவி ஓடாமல் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கே டிரேவர் ஏறிப் பார்த்தபோது பதினேழாம் பெட்டியின் பேட்டரி காலியாகி இரண்டு நாளாகியிருந்தது. கடைசிச் செய்தியைச் சொல்ல அதற்கு உயிர் இல்லை.

ஜெயலட்சுமி குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். டிரேவர் கையைக் கழுவாமலே எழுந்து, நொண்டி நொண்டி ஓடினார்.

“மேடம்! மேடம்! வியாழக்கிழமை வாங்க!”

“என்னண்ணா?”

“வியாழக்கிழமை வந்து பாருங்க அந்த எடத்த. தகரம், பஸ்ஸு, எல்லாம் அடச்சுக்கினு நிக்கும். பதினேழு கத்தறது பதினாறுக்குக் கேக்காது. மத்த நாள்ல வந்தா உங்களுக்கு எப்டித் தெரியும்?”

ஜெயலட்சுமி குடையை மடக்கினார். “இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?”

“மொதல்லேருந்து.”

“ஏண்ணா சொல்லல?”

டிரேவர் மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். “உங்க பொட்டி தூங்குச்சுன்னா எனக்கு வேல இல்ல மேடம்.”

பஸ் வந்தது. ஜெயலட்சுமி ஏறவில்லை.

“மூணு வருஷம் வரும்னு உங்க எதிர்லயே உக்காந்து சொன்னேன். உங்க வடையத் தின்னுக்கிட்டே சொன்னேன். எனக்கு இது தோணவே இல்லண்ணா” என்றார்.

“பரவால்ல மேடம். போன வருஷம் இங்க ஆனது மறுபடி ஆவக் கூடாது. அவ்ளோதான்.”

மீட்டிங்குக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வியாழக்கிழமை ஜெயலட்சுமி வந்தார். தெருமுனையில் நின்றவர், “அய்யோ, இது அந்தத் தெருவா!” என்றார். கருவியைத் திறந்து பார்த்தால், பதினேழு மூச்சுவிடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு செய்திக்கு நாற்பது தடவை. செய்தி புரியாமல் சத்தம் மட்டும் அரைகுறையாகக் காதில் விழுந்து, இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் தூங்காமல் விழித்துக்கொண்டிருந்தன.

“ரெண்டு தடவை கூப்பிட்டுப் பதில் இல்லன்னா வேற பக்கம் திரும்பிடணும். அது செய்யலாம். ஆனா திரும்பறதுக்கு வேற பக்கம் யாரு இருக்கா? மேப்ல சுத்தி எல்லாம் வீடுங்க” என்றார் ஜெயலட்சுமி.

“ஒம்பது இருக்கு மேடம்.”

“ஒம்பது பின்தெருவுல பேக்கரிகிட்ட இல்ல இருக்கு?”

“தெருவழியா போனாத்தான் தூரம். ஒம்பதாம் கம்பத்துல ஏறிப் பாத்தா, ரெண்டு வீட்டுக்கு நடுவால பதினேழு கண்ணுக்குத் தெரியும். தகரத்துக்கு மேல, பஸ்ஸுக்கு மேல. நான் அங்கேருந்து கோயில் மணியவே பாத்திருக்கேன்.”

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து ஏணியைப் பிடித்தார். டிரேவர் ஏறினார். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் சொன்னது. மேலே போய்ப் பார்த்தார். இரண்டு மாடிகளுக்கு நடுவே, ஒரு சேலை காய்கிற கொடிக்கு மேலே, சாம்பல் நிறத்தில் பதினேழு தெரிந்தது.

“கீது மேடம், கீது! நடுவுல ஒரு ரோஸ் கலர் சேலை மட்டும்தான்!”

“சேலைல சிக்னல் போகும்ணா, எறங்குங்க!”

அன்று சாயங்காலத்துக்குள் ஜெயலட்சுமி மாற்றி எழுதிய கட்டளையைப் பெட்டிகளுக்கு அனுப்பிவிட்டார். பதினேழு இரண்டு தடவை பதினாறைக் கூப்பிட்டது. பதில் இல்லை. ஒன்பதைக் கூப்பிட்டது. ஒன்பது வாங்கிக்கொண்டது. பதினேழு தூங்கிப்போனது. கருவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயலட்சுமி, குழந்தையைத் தூங்கவைத்தவர்போலக் குரலைத் தாழ்த்தி, “தூங்கிடுச்சுண்ணா” என்றார். சோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் கேட்டு வாங்கினார்.

அடுத்த வியாழன் மே மாதத்தின் முதல் வாரம். காற்றே இல்லை. கோயிலில் எள் போட்டால் விழாத கூட்டம். கடைகளில் ஜூஸ் மிஷின், வீடுகளில் ஏ.சி., மதிலோரம் கரும்பு பிழியும் யந்திரம். பன்னிரண்டு இருபதுக்கு ஜெயலட்சுமியின் போனும் கரண்ட் ஆபீஸ் லைன்மேன் இராஜமாணிக்கத்தின் போனும் ஒரே நேரத்தில் அடித்தன. பதினேழு தானாக விழித்துக்கொண்டு, ஒன்பது வழியாகச் சொல்லி அனுப்பியிருந்தது: சூடு அளவைத் தாண்டிவிட்டது.

இராஜமாணிக்கம் எட்டு நிமிஷத்தில் வந்துவிட்டார். கூட்டத்தில் வண்டி நுழையவில்லை. டிரேவர் முன்னால் நடந்து, “ஜாகா பிடி, ஜாகா பிடி! கொஞ்சம் வழி விடுங்கம்மா!” என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்தி வழி உண்டாக்கினார். இரண்டு தெருக்களின் லோடைப் பிரித்து, அடுத்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றிவிட்டார் இராஜமாணிக்கம். கையைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் அரை மணி போயிருந்தா அவ்ளோதான் டிரேவரு. போன வருஷக் கதைதான்” என்றார்.

ஜெபம் சொல்கிற மைக் ஒரு வினாடிகூட நிற்கவில்லை. இங்கே ஒன்று நடந்தது என்றே கூட்டத்துக்குத் தெரியாது. ஸ்வர்ணா மட்டும் இராஜமாணிக்கத்துக்கும் கூட வந்த இரண்டு பேருக்கும் கேசரிபாத் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

மே மாதம் இருபத்தாறாம் தேதி மத்தியானம் சூப்பர்வைசர் சாமிநாதன் டிரேவருக்குப் போன் செய்தார். நல்ல மனுஷர், சொல்லச் சங்கடப்பட்டார். நூற்று அறுபது பெட்டிகளும் புதுமுறைக்கு மாறுகின்றன. பேட்டரி மாற்றும் கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு சரி.

டிரேவர் ஏணியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். ஸ்வர்ணா முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேல ஆய்து ஸ்வர்ணா. ஒண்ணாந்தேதிலேருந்து இல்ல.”

ஸ்வர்ணா முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டார் டிரேவர். கண்ணைத் திறந்தபோது அவள் முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

“ஒம்பது வாரம்” என்றாள்.

“இன்னா ஒம்பது வாரம்?”

“ஒம்பது வியாழக்கெழம மெழுகுவத்தி ஏத்துனேன். இந்தாளு ஏணிய விட்டு எறங்கணும், இந்த வேல போவணும்னு.”

டிரேவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். “அடிப்பாவி! நான் பன்னெண்டு ஏத்துனேன்டி. வேல போவக் கூடாதுன்னு!”

“அதே கோயில்லயா?”

“வேற எங்க போவேன்?”

ஸ்வர்ணா சிரிக்க ஆரம்பித்தாள். டிரேவர் கோபமாகத்தான் இருந்தார். கோபமாக இருக்க முயன்றார். அவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“உன்னுது பன்னெண்டு, என்னுது ஒம்பது. அப்டியும் என்னுதுதான் கேட்டிருக்காரு பாரு!”

“சிரி, சிரி. நான் வீட்ல குந்திக்கினு இன்னா பண்றது? உனக்கு வெங்காயம் உரிக்கறதா?”

“உரியேன். இன்னா தப்பு? உன் காலு இருந்தா போதும் எனக்கு. நீ மேல ஏறுனேன்னா எறங்கற வரைக்கும் என் கையில கரண்டி நிக்காது, தெரியுமா உனக்கு? ஏழு மாசமா ஒருநாள்கூட நல்லா மூச்சு விட்டதில்ல.”

இதைச் சொல்லும்போதுதான் அவள் கண்ணில் நீர் வந்தது. டிரேவர் நாற்காலியை விட்டு இறங்கி அவள் எதிரே உட்கார்ந்தார். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உளுந்தில் கல் பொறுக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெயலட்சுமி.

“அண்ணா, ஆனேக்கல்ல இருநூறு பெட்டி மாட்டப் போறோம். எந்தக் கம்பத்துல மாட்டணும்னு தெருத்தெருவாப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்னு எழுதிக் கேட்டிருந்தேன். இன்னிக்குத்தான் சரின்னு வந்துச்சு. கம்பெனிலயே நேரா சேத்துக்கறாங்க. வர்றீங்களா?”

டிரேவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்வர்ணா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மேடம், ஏணி உண்டா இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க.”

“ஏணி கிடையாது ஸ்வர்ணா. ஏறறதுக்கு வேற ஆள் இருக்காங்க. இவரு நடக்கணும், நாலு பேர்கிட்டப் பேசணும். என்னிக்குச் சந்தை, என்னிக்குத் திருவிழா, லாரி எங்க நிக்கும், மரம் எங்க வளரும்னு கேட்டு எழுதணும். அவ்வளவுதான்.”

“பேசறதுக்கா சம்பளம்? அப்ப இவருக்கு நீங்க ஓவர்டைம் குடுக்க வேண்டியிருக்கும் மேடம்!”

ஜூன் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை, முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு டிரேவர் ஆனேக்கல் பஸ் ஏறினார். ராத்திரி மழை பெய்து தெரு கழுவிவிட்டதுபோல் இருந்தது. கடையில் கூட்டம் தணிந்த பத்து மணிக்கு ஸ்வர்ணாவின் போன் அடித்தது. ஒரு கையால் வடையைத் திருப்பிக்கொண்டே எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரன், யாரோ தெலுங்கில் சிரிக்கும் சத்தம், இன்னொருத்தர் கன்னடத்தில் ஏதோ மறுத்துப் பேசுவது.

“போய்ச் சேந்தியா? கால் எப்டி கீது?”

“காலு சக்கத்தா, சூப்பரா கீது. இங்க எல்லாரும் நல்ல ஜனம் ஸ்வர்ணா.”

“வேல ஆரம்பிச்சியா?”

“ஆரம்பிச்சேனே. இன்னும் மொதல் கம்பத்துகிட்டதான் நிக்கறேன்” என்றார் டிரேவர். “மூணு டீ ஆய்டுச்சு.”